தூண்டிலும் வராலும்

மீன் பிடிக்கும் தொழிலில் வலை ஒரு வழி. தூண்டில் மற்றொரு வழி. வலைக்கு உடல் வலிமையும், துணையாட்களும், பரந்த நீர்ப்பரப்பும் வேண்டும். தூண்டிலுக்கு வேண்டுவது மீனைப் பற்றிய அறிவு. வலை மீனின் விருப்பத்தைக் கேளாமலே அதனை வாரிக்கொண்டு வருகிறது. தூண்டிலோ மீனை அழைக்கிறது. மீன் விரும்பினாலன்றி அது வருவதில்லை. ஆகவே எந்த மீன் எதனை விரும்பும், எவ்வேளையில் விரும்பும், எதனைக் கண்டு சினக்கும் என்பனவற்றை அறிந்தவனே தூண்டிற்காரன் எனப்படுவான். அவ்வறிவின் ஆழத்தையும், அதனோடு சேர்ந்து வரும் பொறுப்பையும் ஊவா மாகாணத்து நீர்நிலைகளில் வாழும் வரால் மீனைக் கொண்டு நன்கு விளக்கலாம்.

ஊவா, மலையும் சமவெளியும் அடுத்தடுத்து அமைந்த நாடு. அப்புத்தளை கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீற்றருக்கு அதிகமான உயரத்தில் இருக்கிறது. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வடக்கே இறங்கினால் மகியங்கனையின் வெப்பமான சமவெளி; தெற்கே இறங்கினால் வெல்லவாய, மொனராகலைப் பகுதிகள். மலையில் தோன்றும் நீரும் இவ்வாறே இரு திசைகளிற் பிரிகிறது. பதுளு ஓயா, துன்ஹிந்தை அருவியாக வீழ்ந்து மகாவலியைச் சேர்கிறது. உமா ஓயாவும் மகாவலியோடு கலக்கிறது. கிரிந்தி ஓயா, மாணிக்க கங்கை, கும்புக்கன் ஓயா ஆகியவை தெற்கும் தென்கிழக்கும் நோக்கிக் கடலுக்குச் செல்கின்றன. மேலே தேயிலைத் தோட்டங்களினூடே குளிர்ந்த சிற்றோடைகள். கீழே நெல்வயல்களும், தாமரையும் அல்லியும் பூத்த குளங்களும். நீரின் தன்மை வேறுபடுவதற்கேற்ப மீனும் வேறுபடுகிறது. மீன் வேறுபடுவதற்கேற்பத் தூண்டிலும் வேறுபடுகிறது.

மலையுச்சி நீரின் வரலாறு விந்தையானது. அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் தூண்டிலுக்குத் தக்க பெரிய மீன் இயல்பாக இருக்கவில்லை. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வந்த ஆங்கிலேயத் துரைமார், தம் நாட்டு ஓடைகளில் பிடித்துப் பழகிய ட்ரவுட் மீனை இங்கும் காண விழைந்தனர். 1882ஆம் ஆண்டில் பழுப்பு ட்ரவுட் நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் இந்நாட்டு நீரில் வேரூன்றியது. ஊவாவின் மேற்கெல்லையை அடுத்துள்ள ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளும் ட்ரவுட் நீரெனப் பெயர் பெற்றன. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் துரைமார் விடுமுறை நாள்களில் ஒஹியா வழியாக அங்கு செல்வதுண்டு.

ட்ரவுட் பிடிக்கப் பயன்படும் போலி இரை மிக நுண்ணியது. சிறு முள்ளொன்றில் இறகும் நூலும் கட்டி, நீர்மேல் வீழ்ந்த பூச்சியைப் போலச் செய்வர். அது எடையற்றது, ஆகவே எறிவதற்குக் கனமான நூலையே வீசி, அதன் நுனியிலுள்ள பூச்சி மெல்ல நீரில் வந்து அமருமாறு செய்ய வேண்டும். மீன் அதனைக் கவ்வியதும் நொடிப்பொழுதும் தாழ்த்தாது கோலை உயர்த்த வேண்டும். இறகுக்குச் சுவையில்லையாதலால், ஏமாற்றத்தை உணர்ந்த மீன் உடனே உமிழ்ந்துவிடும். இம்மீனைக் காப்பதற்குக் கழகமும் விதிகளும் தோன்றின. குஞ்சு பொரிக்கச் செய்து ஓடைகளில் விட்டனர். உரிமச் சீட்டு முறையைக் கொணர்ந்தனர். கடல் கடந்து வந்த மீனுக்கு இத்துணைக் காவல் கிடைத்தது. மலையடிவாரத்துக் குளங்களில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் வராலுக்கு அத்தகைய காவல் எதுவும் வாய்க்கவில்லை. தன் குஞ்சுகளைத் தானே காக்கும் அதன் இயல்பொன்றே அதற்குக் காவலாயிற்று.

வரால் என்பது நூல் வழக்கு. விரால் என்பது பேச்சு வழக்கு. சிங்கள மக்கள் இதனை லூலா என்பர். தமிழருக்கு இம்மீன் மிகப் பழைய அறிமுகம். அகநானூற்றின் 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர், தூண்டிலில் அகப்பட்ட ஒரு வராலைக் காட்டுகிறார். வளைந்த இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய அம்மீன், ஆம்பல் இலையைக் கிழித்து, குவளை மலரைச் சிதைத்து, வள்ளைக் கொடியைக் குழப்பி, வேட்டுவன் இழுக்க வாராது, கயிறு பூட்டிய சினக் காளையைப் போலக் குளத்தைக் கலக்குகிறது. இரண்டாயிரம் ஆண்டளவு பழமையான இக்காட்சியில் வராலின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது. அது இலைகளினடியில் வாழ்வது. முழு வாயாற் கவ்வுவது. கவ்வியதும் கொடிகளுக்குள் புகுவது. எளிதில் கரைக்கு வாராதது. இன்றைய தூண்டிற்காரன் கற்க வேண்டிய பாடமும் இதுவே.

வராலின் உடல் நீண்டு உருண்டது, தலை பாம்பின் தலையை ஒத்துத் தட்டையானது, வாய் அகன்றது, பற்கள் கூரியவை. ஓரடி முதல் இரண்டடி வரையுள்ள மீன்களைப் பொதுவாகக் காணலாம். சில மூன்றடி வரையும் வளரும். மகாவலியில் இதன் உறவினமொன்று உண்டு. வராலினும் பெரிதாக வளரும் அவ்வினத்தை 1945ஆம் ஆண்டில் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகலை ‘அர’ என்னும் பெயரால் விவரித்தார். அது மகாவலி ஆற்றுப் படுகைக்கே உரியது.

வராலின் வாழ்வை உருவாக்கும் பெரிய உண்மை அதன் மூச்சு. செவுளுக்கு மேலே அதற்குக் காற்றை நேரே ஏற்கும் ஓர் உறுப்பு உண்டு. நீரிலுள்ள உயிர்வளி மட்டும் வளர்ந்த வராலுக்குப் போதாது. இடையிடையே அது நீர்மேல் வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிச் செல்ல வேண்டும். மேலே வராதவாறு தடுத்துவிட்டால் நீருக்குள்ளேயே அது மூச்சுத் திணறி இறந்துவிடும். இம்மூச்சினாலேயே மற்ற மீன்கள் வாழ முடியாத சேற்று நீரிலும், வெயிலிற் சூடேறிய வயற்கால்வாயிலும் வரால் வாழ்கிறது. குளம் வற்றினால் ஈரச் சேற்றுள் புதைந்து கிடக்கிறது. மழையிரவில் ஈரத்தரை வழியே ஊர்ந்து அடுத்த குட்டையை அடைகிறது. அதே மூச்சு அதனைத் தூண்டிற்காரனுக்குக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. அமைதியான நீரில் ‘குளுக்’ என்ற ஓசையும், அதனைத் தொடர்ந்து ஒரு வட்ட அலையும் எழுமாயின், அவ்விடத்தில் வரால் உண்டு என்பது தெளிவு.

இரை தேடும் முறையிலும் வராலுக்குத் தனிப்பண்பு உண்டு. அது ஓடித் திரிந்து வேட்டையாடுவதில்லை. தாமரையிலையின் கீழோ, சாய்ந்த மரத்தின் வேரிடையிலோ, புல் தொங்கும் கரையின் நிழலிலோ அசையாமல் நிற்கும். தவளை, சிறு மீன், இறால், தும்பி முதலியன எட்டும் தொலைவில் வந்ததும் பாய்ந்து கவ்வும். நீரதிர்ச்சியை உடலின் பக்கக்கோட்டினால் உணரும். மேலே நகர்வதைக் கண்களால் நோக்கும். அமெரிக்க நாட்டு நன்னீரில் வாழும் பாஸ் என்னும் மீனும் இத்தகைய பதுங்கு வேட்டைக்காரனே. இரண்டும் குலத்தால் வேறு, குணத்தால் நெருங்கியவை. பாஸுக்கெனச் செய்யப்பட்ட போலி இரைகள் இன்று வராலுக்கும் பயன்படுவதன் காரணம் இதுவே.

ஊவாவின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நெடுங்காலமாக வழங்கிய தூண்டில் எளியது. முற்றிய மூங்கிற்கோல், அதன் நீளத்துக்குச் சமமான தங்கூசி, ஒரு முள், நெட்டியாலோ தக்கையாலோ ஆன மிதவை, சிறு ஈயத்துண்டு: இவ்வளவே. இதில் மண்புழுவைக் கோத்தாற் கெண்டை முதலிய சிறு மீன்கள் அகப்படும். வராலுக்கு வேண்டிய கருவி சற்று வலியது. முள் பெரிதாகவும் தடித்ததாகவும் இருக்க வேண்டும். தங்கூசியும் தடித்ததாக இருக்க வேண்டும். ட்ரவுட் பிடிப்பவன் மீனை ஓடவிட்டுக் களைப்புறச் செய்யலாம். வராலை ஓடவிட்டால், அது கொடிகளுக்குள் புகுந்து நூலைச் சுற்றி அறுத்துவிடும். இக்காலத்தில் சுருளியும் கண்ணாடியிழைக் கோலும், பல இழைகளைப் பின்னிய நூலும் நகரக் கடைகளிற் கிடைக்கின்றன. பின்னல் நூல் தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும் வலிமையுடையதாதலால் வராலுக்கு மிகவும் ஏற்றது.

இயற்கை இரைகளுள் தவளையே தலையாயது. வயல் வரப்பிற் கிடைக்கும் சிறு தவளையை முள்ளிற் கோத்து நீர்மேல் தத்தச் செய்வது பழைய முறை. சிறு மீன், பெரிய மண்புழு, வெட்டுக்கிளி ஆகியனவும் பயன்படும். மாலையில் இரை கோத்த குறுங்கோல்கள் பலவற்றைக் கரையோரத்தில் ஊன்றி வைத்து, விடியற்காலையில் சென்று பார்க்கும் முறையும் உண்டு. இம்முறையில் அகப்பட்ட மீன் இரவு முழுவதும் துன்புறும். நூல் கொடியிற் சிக்கி மேலே வர இயலாவிடின் மூச்சின்றி இறக்கும். ஆமையும் நீர்ப்பறவையும் அம்முள்ளில் மாட்டுவது உண்டு. ஆதலின் கோலைக் கையிற் பிடித்திருந்து பிடிப்பதே சிறந்தது.

போலி இரைகளின் வரலாறும் சுவையானது. உலோகக் கரண்டியின் குழிந்த பகுதியை முள்ளோடு இணைத்தால் அது நீரில் அசைந்து மின்னி, ஓடும் சிறு மீனைப் போலத் தோன்றும். அமெரிக்கரான ஜூலியோ பியூவல் என்பவர் இக்கரண்டி இரைக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். பின்லாந்து நாட்டு மீனவர் லவ்ரி ரப்பலா, காயமுற்ற சிறு மீன் தள்ளாடி நீந்துவதையும் பெரிய மீன்கள் அதனையே முதலில் தாக்குவதையும் கண்டு, 1936இல் அவ்வசைவு கொண்ட மரமீனைச் செதுக்கினார். 1949இல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிறீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். இம்மூன்றும் ஓருண்மையை உணர்த்துகின்றன. மீனைக் கவர்வது இரையின் உருவத்தினும் அதன் அசைவே. இலைச் செறிவில்லாத திறந்த நீரில் இவை யாவும் வராலை ஈர்க்கும்.

ஆயினும் வரால் விரும்பி உறையும் இடம் திறந்த நீரன்று. தொங்கும் முட்களையுடைய கரண்டியை அல்லிக் கொடிகளிடையே எறிந்தால் மீனுக்கு முன் கொடியே அகப்படும். இக்குறையைத் தீர்ப்பது உள்ளீடற்ற றப்பர்த் தவளை. அதன் உடல் மென்மையானது. உள்ளே காற்று நிறைந்தது. இரண்டு முட்கள் முதுகின்மேல் உடலோடு படிந்து மேல்நோக்கியிருக்கும். ஆதலால் அது இலைமேல் ஏறும், இறங்கும், இடுக்கினுள் நுழையும், எங்கும் சிக்காது. வரால் வாயால் அழுத்தியதும் உடல் தட்டையாகி முட்கள் வெளிப்படும். பச்சை, பழுப்பு, கறுப்பு ஆகிய நிறங்கள் வழக்கிலுள்ளன. மங்கிய ஒளியிற் கறுப்பு நன்றென்பர். கீழிருந்து மேல்நோக்கும் மீனுக்கு வானொளியின் எதிரே கரிய உருவம் தெளிவாகத் தோன்றும் என்பது அதற்குக் காரணம்.

எறியும் முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது அணுகுதல். கரையில் அடி அழுந்த நடந்தால் அதிர்ச்சி நீருட் பரவும், மீன் ஒதுங்கிவிடும். சூரியன் முதுகுப்புறம் இருப்பின் நிழல் நீரில் விழும். அதனையும் தவிர்க்க வேண்டும். இரண்டாவது குறிபார்த்தல். வரால் நிற்குமிடமென ஊகித்த இடத்தின்மேலேயே இரையை வீழ்த்துதல் தவறு. அதற்குச் சில அடி அப்பால் எறிந்து, அவ்விடத்தினூடே இழுத்து வருதல் வேண்டும். தானாகத் தத்தி வரும் தவளையைக் கண்டு மீன் பாயும்; தலைமேல் விழுந்த பொருளைக் கண்டு மருண்டு ஓடும்.

மூன்றாவது இழுத்தல். தவளை இடைவிடாது நீந்துவதில்லை. இரண்டு மூன்று தத்தல், பின்னர் ஓர் ஓய்வு, மீண்டும் தத்தல் என்பதே அதன் நடை. போலித் தவளையையும் அவ்வாறே இழுக்க வேண்டும். இலையின் விளிம்பில் ஏற்றிச் சிறிது நிறுத்தி, மெல்ல நீரில் வழுவவிடும் கணத்திலேயே பெரும்பாலும் தாக்குதல் நிகழும். ஓய்வு தரப் பொறுமையில்லாதவர்க்கு வரால் அரிதாகவே அகப்படும்.

நான்காவது முள்ளேற்றுதல். இதிலேதான் புதியவர் பலர் தோல்வியுறுகின்றனர். நீர் வெடித்தாற்போல எழும்; தவளை மறையும்; கை தன்னையறியாமலே கோலை இழுக்கும்; மீனின் வாயிலிருந்து தவளை பறந்து வந்துவிடும். வரால் கவ்விய பின்னரே வாயை மூடித் திரும்புகிறது. ஆதலின் ஓசையைக் கேட்டு இழுக்காது, மனத்துள் ஒன்று, இரண்டு என எண்ணி, நூல் இறுகி மீனின் கனம் கையில் உணரப்பட்ட பின்னரே வலிந்து இழுக்க வேண்டும். ட்ரவுட்டுக்கு விரைவு, வராலுக்குப் பொறுமை. முள் ஏறியதும் பொறுமைக்கு இடமில்லை. மீனின் தலையை மேலே உயர்த்தி, தளர்வு கொடாது, கொடிகளுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

வைகறையும் மாலைப்பொழுதும் நல்ல வேளைகள். நண்பகல் வெயிலில் வரால் அடர்ந்த நிழலை நாடும். அப்போது இலைச் செறிவின் நடுவேதான் எறிய வேண்டும். கோடையிற் குளங்கள் சுருங்கும்போது மீன் செறிந்து நிற்கும். மகியங்கனையின் சொரபொர வாவி, மகாவலித் திட்டத்திற் கட்டப்பட்ட உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்கள், வெல்லவாயப் பகுதியின் ஹந்தபானாகல வாவி ஆகியவற்றின் ஆழங்குறைந்த விளிம்புகளிலும், அவற்றின் நீர் பாயும் வயற்கால்வாய்களிலும் வரால் வாழ்வதற்கேற்ற நிழலும் இலைச்செறிவும் உண்டு. தாழ்நிலக் குளங்களில் முதலையும் உண்டு என்பதை மறவாது, இடுப்பளவு நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். வயல் நீரில் புண்பட்ட காலோடு நிற்பதும் ஆகாது. எலிக்காய்ச்சல் அவ்வழியே பற்றும்.

இதுகாறும் கூறப்பட்டவை பசியைக் கொண்டு வராலைப் பிடிக்கும் வழிகள். வேறொரு வழியும் உண்டு. அது எல்லாவற்றினும் எளிது. ஆதலாலேயே எல்லாவற்றினும் கேடானது.

மழைப்பருவம் தொடங்கி, குளத்தின் விளிம்பிற் புதுநீர் ஏறும்போது வரால் இணை சேர்கிறது. ஊவாவின் கிழக்குச் சரிவிலும் அடிவாரத்திலும் ஐப்பசி முதலான மாதங்களில் பெருமழை பெய்யும். ஆழமில்லாத நீரில் புல்லையும் கொடியையும் விலக்கி, வட்டமான ஒரு வெளியை அவை அமைக்கும். முட்டைகள் எண்ணெய்த் துளியால் மிதந்து அவ்வட்டத்துள் நிற்கும். அவற்றின் தொகை சில நூறு முதற் சில ஆயிரம் வரையாகும். ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும். சில நாள்களில் அவை செம்மஞ்சள் நிறம் பெற்று ஒரே திரளாக நீந்தத் தொடங்கும். இளங்குஞ்சுகளும் காற்றுக்காக மேலே வருவதால், அத்திரள் இருக்குமிடத்தில் நீர், உலையரிசி கொதிப்பதுபோலத் துள்ளும். பெற்ற மீன் அத்திரளின் கீழேயே நிற்கும். ஒரு மாதம் வரையும், சில வேளை அதற்கு மேலும் அக்காவல் நீடிக்கும். குஞ்சுகள் வளர்ந்து சிவப்பு மங்கிப் பசுமை கலந்த பழுப்பு நிறம் அடைந்ததும் திரள் கலையும், காவலும் முடியும்.

வரால் இனத்துள் இன்னும் வியப்பான பேணலும் உண்டு. இலங்கையின் ஈரவலயத்துக்கே உரிய ஒரு சிற்றினத்தில், ஆண்மீன் முட்டைகளைத் தன் வாயினுள்ளேயே வைத்துப் பொரிக்கச் செய்கிறது.

காவல் நிற்கும் வராலின்முன் எப்பொருள் வந்தாலும் அது பாயும். தவளையும் மீனும் குஞ்சைத் தின்னும் பகையென்பதே அதன் துணிபு. பசியற்ற வேளையிலும் பாயும். ஒருமுறை தவறினும் மறுமுறை பாயும். கரையில் நிற்பவரைக் கண்டும் விலகாது. ஆகவே சிவந்த திரளைக் கண்ட தூண்டிற்காரன் அதன்மேல் தவளையை எறிந்தால், சில எறிகளுக்குள் பெரிய மீன் உறுதியாகக் கிடைக்கும். இடம் தேட வேண்டியதில்லை, வேளை பார்க்க வேண்டியதில்லை, பொறுமையும் வேண்டியதில்லை. கையில் வந்தது ஒரு மீன். நீரில் காவலின்றி எஞ்சியதோ நூற்றுக்கணக்கான குஞ்சுகள். அவை எளிதிற் கண்ணிற்படும் செந்நிறம் கொண்டவை; பிற மீன்களுக்கும், மீன்கொத்திக்கும், நீர்ப்பாம்புக்கும் விரைவில் இரையாகிவிடும்.

பாஸ் மீனிலும் இதே நிலையுண்டு. ஆண் பாஸ் கூட்டைக் காக்கும். காவலுள்ள மீனைத் தூண்டிலில் எடுத்துச் சிறிது நேரம் கழித்துத் திருப்பி விட்டாலும், அவ்விடைவெளியிற் பிற மீன்கள் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன என்பதை வட அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பல பகுதிகளில், பாஸ் முட்டையிடும் வசந்தகாலத்தில் அதனைப் பிடிப்பதற்குத் தடையுண்டு. ட்ரவுட்டுக்கும் பாஸுக்கும் விதி செய்தோர் கருதியது ஒன்றே: இவ்வாண்டின் தாய்மீன் அடுத்த ஆண்டுகளின் விளைச்சல்.

இலங்கையில் இக்கருத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1952ஆம் ஆண்டளவில் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவே இன்று குளத்து வலைகளிற் பெரும்பகுதி மீன். 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கு அரசு தந்த ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தது. பின்னர் அது மீண்டது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. இங்கினியாகல, உடவளவை, தம்புள்ளை முதலிய நிலையங்களில் வளர்த்துக் குளங்களிற் பெருமளவில் விடப்படும் குஞ்சுகள் கெண்டை இனங்களும் திலாப்பியாவுமே. வராலின் குலம் பெரும்பாலும் அதன் சொந்தக் காவலையே நம்பி நிற்கிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் கொண்டு மீன் பிடித்தலைக் குற்றமாக்கியது. சிவந்த திரளின்மேல் வீழும் தூண்டிலைத் தடுப்பது தூண்டிற்காரனின் மனச்சான்றே.

இந்த இழப்பு மலையிலும் உணரப்படும். பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் நாட்கூலி கொண்டு வாழும் குடும்பங்களுக்கு இறைச்சி நாள்தோறும் கிட்டும் உணவன்று. அடிவாரக் குளத்து மீனும் கருவாடும் சந்தை வழியே மேலே ஏறி வருகின்றன. அவற்றுள் வரால் மதிப்பு மிக்கது. முள் குறைந்த தசையுடையதாதலால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஏற்றது. நோயினின்று எழுந்தவர்க்கும், மகப்பேறுற்ற தாய்க்கும் வரால் குழம்பு நல்லதென்பது தமிழரிடையே வழிவழி வந்த நம்பிக்கை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அறுவை மருத்துவத்துக்குப் பின் வரால் உண்ணும் வழக்கம் உண்டு. காற்றை மூச்சாகக் கொள்வதால் ஈரச் சாக்கில் நெடுநேரம் உயிரோடிருக்கும். பனிக்கட்டியில்லாத ஊருக்கும் புதிதாகச் சென்று சேரும். ஏழை வீட்டின் அடுப்புக்கு இத்துணை உதவும் மீன் குறைந்தால், அதன் இடத்தை நிரப்புவது எளிதன்று.

ஆதலின் வரால் பிடிக்கும் நல்ல தூண்டிற்காரன் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்வான். கோலை எடுக்குமுன் நீரை நோக்குவான். செந்நிறத் திரளைக் கண்டால் அவ்விடத்தை விட்டு அகன்று, வேறிடத்தில் எறிவான். அறியாது காவல்மீன் அகப்பட்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளை விரைந்து நீக்கி, பிடித்த இடத்திலேயே விடுவான். முள்ளின் எதிர்முனையைக் குறட்டினால் முன்னரே நசுக்கி வைத்திருந்தால் அவ்வேலை நொடியில் முடியும். வராலின் பற்கள் கூரியவையாதலால் விரலை வாயினுள் விடான், குறட்டையே பயன்படுத்துவான். ஓரடிக்குக் குறைந்த மீனையும் நீரிலேயே விடுவான். அது ஒருமுறையேனும் இனம் பெருக்க வேண்டியது. அறுந்த தங்கூசியைக் கரையில் எறியான். அது பறவையின் காலைச் சுற்றும். தேசியப் பூங்காக்களின் எல்லைக்குட்பட்ட நீரில் தூண்டிலிடான். 1988இல் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளும் அவற்றுள் அடங்கும்.

றப்பர்த் தவளையின் விலையும், நூலின் வலிமையும், கோலின் நீளமும் கடையில் அறியத்தக்கவை. எந்த மீன் பசியாற் பாய்கிறது, எந்த மீன் குஞ்சைக் காக்கப் பாய்கிறது என்பதைக் கரையில் நின்று நீரைப் பார்த்தே அறிய வேண்டும். பசியோடு வரும் வராலை அதன் போக்கறிந்து வெல்லுதல் கலை. காவல் நிற்கும் வராலை அதன் காவலில் விட்டு நீங்குதல் அக்கலையின் முதிர்ச்சி. சிவப்பு மங்கி, குஞ்சுகள் தனித்தனியே பிரிந்து செல்லும் வரை பொறுத்திருப்பவருக்கு, அடுத்த கோடையிலும் அக்குளத்தின் தாமரையிலைகளினடியில் வரால் இருக்கும்.